வெட்டி எடுக்காத குடல்: ஐசன்ஹோவரின் 1956 அறுவை, ஒரு நிகழ்வு ஆய்வு

1956 ஜூன் 9, சனிக்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்பு, வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் 65 வயது நோயாளி ஒருவரின் வயிறு திறக்கப்பட்டது. எட்டரை மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. இன்னும் ஐந்து மாதங்களில் அவர் தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வயிறு தைத்து மூடப்பட்டபோது, நோயுற்ற குடல் உள்ளேயே இருந்தது. ஓர் அங்குலம்கூட வெட்டி எடுக்கப்படவில்லை.

நோயாளி அமெரிக்க அதிபர் டுவைட் ஐசன்ஹோவர். நோய், இன்று நாம் குரோன் நோய் என்று சொல்லும் நாள்பட்ட குடல் அழற்சி. அறுவை செய்தவர்களே 1964இல் இந்த நிகழ்வை அறுவை மருத்துவ இதழொன்றில் விரிவாக எழுதிவைத்தார்கள். அதனால் ஒரு நாட்டுத் தலைவரின் வயிற்றைப் பற்றி நமக்கு இத்தனை தெரிந்திருக்கிறது. அழற்சிக் குடல் நோய்களை எப்படிப் பிரித்தறிவது, பிரித்த பிறகு கத்தியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே வயிற்றில் நிறையப் பதில் கிடைக்கிறது. அறுவை வெற்றி பெற்றது. ஆனால் அந்த வெற்றியைப் பார்த்து அதே அறுவையை எல்லாக் குரோன் நோயாளிகளுக்கும் செய்திருந்தால் பலர் கெட்டுப்போயிருப்பார்கள் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முன்கதை

ஐசன்ஹோவருக்கு வயிற்று வலி புதிதல்ல. 1923இல், 32 வயதில், குடல்வாலை எடுத்திருந்தார்கள். அதன் பிறகும் வலி விடவில்லை. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் வயிறு அவ்வப்போது பிடித்து இழுத்தது; ஒவ்வொரு முறையும் சாப்பாட்டின்மீதோ களைப்பின்மீதோ பழியைப் போட்டுக் கடந்தார். 1949இல் கடுமையான வயிற்று நோயால் படுத்து எழுந்த பின், நாளுக்கு நான்கு பாக்கெட் வரை பிடித்துக்கொண்டிருந்த சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்தினார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1923இல் எடுத்த குடல்வால் உண்மையிலேயே கெட்டிருந்ததா, அல்லது பக்கத்தில் இருந்த சிறுகுடலின் கடைசிப் பகுதி அப்போதே வீங்கத் தொடங்கியிருந்ததா என்ற கேள்வி எழத்தான் செய்யும். வலப்பக்க அடிவயிற்றில் வலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குடல்வால். குரோன் நோயாளிகளில் கணிசமானவர்கள் குடல்வால் அறுவைக்குப் படுத்தபோதுதான் தங்கள் நோயின் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் 1923இல் அந்த நோய்க்கு அந்தப் பெயரே இல்லை. கிளாஸ்கோவின் கென்னடி டால்சியல் 1913இல் இதே நோயை விவரித்திருந்தார்; யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1932இல்தான் வந்தது. அந்த நோயாளிகளுக்கு அறுவை செய்தவர் ஏ. ஏ. பெர்க். கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்க அவர் மறுத்துவிட்டார். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் அச்சான காலம் அது. சம்மதித்திருந்தால் நாம் இன்று பெர்க் நோய் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

1956 மே மாதம் வால்டர் ரீடில் நடந்த வழக்கமான பரிசோதனையில் குடலைப் படத்தில் துலங்க வைக்கும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கியிருப்பது படத்தில் தெரிந்தது. அடைப்பு இல்லை. அதனால் அப்போது எதுவும் செய்யவில்லை.

அன்றிரவு

ஜூன் 7ஆம் தேதி இரவு பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் விருந்துக்குப் போய்த் திரும்பினார். நள்ளிரவுக்குப் பின் வயிறு வலித்தது. சொந்த மருத்துவர் ஹோவர்ட் ஸ்னைடர் அழைக்கப்பட்டார். விடிந்ததும் பத்திரிகைகளுக்குச் சொன்னது வயிற்றுக் கோளாறு என்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955 செப்டம்பரில் அவருக்கு மாரடைப்பு வந்தபோதும் முதல் அறிவிப்பு செரிமானக் கோளாறு என்றுதான் வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வயிறு என்ற சொல்லைக் கேட்டாலே பத்திரிகைக்காரர்கள் இதயத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த முறை உண்மையிலேயே வயிறுதான்.

8ஆம் தேதி பிற்பகல் ஆம்புலன்ஸில் வால்டர் ரீடுக்குக் கொண்டுபோனார்கள். வயிறு ஊதியிருந்தது, வாந்தி, வலி; படத்தில் குடலடைப்பின் அடையாளங்கள். மூக்குக் குழாய் போட்டுக் குடலைக் காலியாக்கிக் காத்திருந்தார்கள். குரோன் நோயில் ஏற்படும் அடைப்பு பல நேரம் அப்படியே இளகிவிடும். வீக்கத்தால் வந்த அடைப்பானால் ஓய்வும் குழாயும் போதும். வடுவால் வந்த அடைப்பானால் போதாது. எது என்று அந்த இரவில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவமனைத் தலைவர் லெனர்ட் ஹீட்டன், பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஐசிடோர் ராவ்டின் உள்ளிட்ட ஒரு பெரிய குழு கூடியிருந்தது. குழு பெரிதாகும்போது முடிவு தள்ளிப்போகும். மாரடைப்பு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவருக்கு மயக்க மருந்து கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நள்ளிரவு தாண்டியும் அடைப்பு இளகாததால், வேறு வழியின்றி அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள்.

உள்ளே பார்த்தது: நாள்பட்ட அழற்சியால் தடித்து, விறைத்து, உட்துளை குறுகிப்போன கடைசிச் சிறுகுடல். அதற்கு மேலே ஊதிய குடல். பெருங்குடல் நோயுற்றதாகத் தெரியவில்லை.

என்ன நோய் என்று எப்படிச் சொன்னார்கள்?

அழற்சிக் குடல் நோய் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெரிய நோய்கள் இருக்கின்றன. ஒன்று குரோன் நோய். மற்றொன்று அல்சரேடிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் நோய். இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு, வலி, எடைக் குறைவு, ரத்தம் எல்லாம் பொது. குடலுக்கு வெளியே மூட்டு வலி, கண் சிவப்பு, தோல் கட்டிகள் இரண்டிலும் வரலாம். ஆனால் நடத்தை வேறு.

கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கும். அங்கிருந்து மேல்நோக்கி, இடைவெளி விடாமல், பெருங்குடலின் உள்தோலை மட்டும் தின்றுகொண்டு போகும். சிறுகுடல் அதன் எல்லைக்கு வெளியே. குரோன் நோய்க்கு எல்லையே கிடையாது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும். ஓர் இடத்தைப் பிடித்து, அடுத்த இடத்தை விட்டு, அதற்கடுத்த இடத்தைப் பிடிக்கும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். துளைப்பதால்தான் அதில் சீழ்க்கட்டியும், குடலுக்கும் குடலுக்கும் இடையே, குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே புரைவழிகளும் (இருக்கக் கூடாத துளைப்பாதைகள்), ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரமும் வருகின்றன. ஆறும்போது வடு விழுந்து குடல் சுருங்குகிறது. சிறுகுடலின் மேல் கொழுப்பு விரல் விரலாக ஏறிச் சுற்றிக்கொண்டிருப்பதை அறுவை மேசையில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நுண்ணோக்கியில் குரோன் நோய்க்கு உரிய அடையாளம் திசுக்கணுக்கள், அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் கூடி உருட்டிவைத்த சிறு முடிச்சுகள். அவை எல்லோருக்கும் அகப்படுவதில்லை. அகப்படாததால் நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

ஐசன்ஹோவர் விஷயத்தில் கோலைட்டிஸை ஒதுக்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. நோய் சிறுகுடலில் இருந்தது, குடல் சுருங்கி அடைத்திருந்தது. இந்த இரண்டும் கோலைட்டிஸின் குணமல்ல. கோலைட்டிஸிலும் பெருங்குடல் முழுவதும் எரியும்போது சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர் பின்னோட்டமாகச் சிவந்துபோவதுண்டு. ஆனால் அது சுருங்கி அடைப்பை உண்டாக்காது, பெருங்குடல் நன்றாக இருக்கும்போது தனியாகவும் வராது. எக்ஸ்ரே, நெடுங்காலக் கதை, கண்ணால் கண்ட குடல் ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னதால் நோயின் பெயர் உறுதியானது. எதையும் வெட்டி எடுக்காத அறுவை என்பதால், கண்டதை நுண்ணோக்கியில் சரிபார்க்க அன்று ஒரு குடல்துண்டு கையில் இல்லை. இன்றைய பார்வையில் இது சற்று வசதிக்குறைவான நிலைமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956இல் இந்த இரண்டு நோய்களையும் பிரித்த விதி ஏறக்குறைய முகவரியைப் பார்த்துச் சொல்வது போல இருந்தது: சிறுகுடலில் என்றால் குரோன், பெருங்குடலில் என்றால் கோலைட்டிஸ். பெருங்குடலில் மட்டும் வரும் குரோன் நோய் உண்டு, அது கோலைட்டிஸிலிருந்து வேறு என்று லண்டனின் லாக்ஹார்ட்-மம்மரியும் மார்சனும் எழுதியது 1960இல். அதற்கு முன் பெருங்குடலில் நோய் இருந்த எத்தனையோ குரோன் நோயாளிகள் கோலைட்டிஸ் என்ற பெயரோடு வாழ்ந்து இறந்திருப்பார்கள். ஐசன்ஹோவருக்கு முகவரி விதி பலித்தது. பலருக்குப் பலித்திருக்காது.

அல்சரேடிவ் கோலைட்டிஸ் என்ற பெயர் பிறந்த கதையே இந்தக் குழப்பத்துக்குச் சாட்சி. 1859இல் இங்கிலாந்தில் இசபெல்லா பாங்க்ஸ் என்ற பெண் நீடித்த வயிற்றுப்போக்கால் இறந்தார். அவரோடு வாழ்ந்த டாக்டர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் நஞ்சு வைத்துவிட்டதாக வழக்கு. ஆர்செனிக் இருப்பதாக நிபுணர் சொன்னார். பிறகு பார்த்தால் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பு உலோகத்திலேயே ஆர்செனிக் கலந்திருந்தது. அந்தப் பெண்ணின் குடலைப் பரிசோதித்த சாமுவேல் வில்க்ஸின் குறிப்பைத்தான் கோலைட்டிஸ் பற்றிய முதல் விவரிப்பு என்று நூல்கள் காட்டுகின்றன. ஆனால் அந்தக் குறிப்பில் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அழன்றிருந்தது. இன்று அதைப் படிப்பவர்கள் இது குரோன் நோயாக இருக்கலாம் என்கிறார்கள். முதல் நோயாளிக்கே பெயர் மாறிப்போயிருக்கிறது!

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏனென்றால் அறுவைக்குப் பிறகு இரண்டு நோய்களும் இரண்டு திசையில் போகின்றன.

கோலைட்டிஸுக்கு ஓர் இருப்பிடம்தான்: பெருங்குடலும் மலக்குடலும். அவற்றை முழுதாக எடுத்துவிட்டால் குடல் நோய் முடிந்தது. மருந்துக்கு மசியாத கடும் கோலைட்டிஸில் உயிரைக் காப்பது இந்த அறுவைதான். 1950களில் அதன் விலை, வயிற்றில் ஒரு நிரந்தரத் திறப்பும் அதில் ஒட்டிய பையும். பிரிட்டனின் பிரையன் புரூக் 1952இல் சிறுகுடலின் நுனியை வெளியே மடித்துத் தைக்கும் முறையைச் சொன்ன பிறகே அந்தத் திறப்பு ஓரளவு சகிக்கத்தக்கதாயிற்று. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிகல்ஸும் 1978இல் வேறொரு வழி காட்டினார்கள்: சிறுகுடலை மடித்து உள்ளேயே ஒரு பை செய்து, அதை ஆசனவாயோடு இணைப்பது. 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அந்தப் பையை ஆங்கில ஜே எழுத்தின் வடிவில் எளிமையாக்கினார். இன்று உலகெங்கும் செய்வது பெரும்பாலும் அதுதான்.

அந்தப் பையோடு வாழ்வது பழைய வாழ்க்கை அல்ல. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கழிவறை செல்ல வேண்டியிருக்கும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு என்றாவது ஒருமுறை அந்தப் பையே அழன்று ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். இடுப்புக்குள் ஆழமாகச் செய்யும் அறுவை என்பதால் இளம்பெண்களுக்குக் கருத்தரிப்பது கடினமாகலாம். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கோலைட்டிஸோடு சேர்ந்து வரும் பித்தக்குழாய்ச் சுருக்க நோய், பெருங்குடலை எடுத்தாலும் போகாது. இருந்தும் பெரும்பாலானோர் வேலைக்குப் போய், பயணம் செய்து, பயமில்லாமல் வாழ்கிறார்கள்.

இதே பையைக் குரோன் நோயாளிக்குச் செய்தால்? பை சிறுகுடலால் ஆனது. குரோனுக்குச் சிறுகுடல் சொந்த வீடு. பைக்குள் புண் வரும், பையிலிருந்து புரைவழி கிளம்பும், சுற்றிலும் சீழ் பிடிக்கும். பையை எடுத்துவிட்டு நிரந்தரத் திறப்புக்குப் போக வேண்டிய நிலை, கோலைட்டிஸ் நோயாளிகளைவிட இவர்களில் பல மடங்கு அதிகம். பையை எடுக்கும்போது அதற்குச் செலவான நல்ல சிறுகுடலும் கூடப் போகும். பெயர் தவறினால் கிடைக்கும் தண்டனை இது.

ஆகவே கொழுந்துவிட்டு எரியும் கோலைட்டிஸில் அவசர அறுவைக்குப் போகும்போது அனுபவம் உள்ளவர்கள் அவசரப்பட்டுப் பை செய்வதில்லை. முதலில் பெருங்குடலை எடுத்துத் திறப்பு வைப்பார்கள், மலக்குடலைத் தொடமாட்டார்கள். நோயாளி தேறி, ஸ்டீராய்டு மருந்து குறைந்து, எடுத்த குடல் முழுவதையும் நுண்திசு நிபுணர் நிதானமாகப் பார்த்த பிறகே அடுத்த கட்டம். அந்த நிதானத்திலும் சிக்கல் உண்டு. கடும் கோலைட்டிஸில் புண் ஆழமாக இறங்கிக் குரோனைப் போல் தோற்றம் காட்டும். மருந்து சாப்பிட்டவர்களுக்கு மலக்குடல் ஆறிப்போய், நோய் விட்டுவிட்டு இருப்பது போல் தெரியும். பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒருவர் அளவில் எந்தப் பக்கம் என்று தீர்க்க முடியாமல் இருப்பார்கள். சிலருக்குப் பை செய்து ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துப் பௌத்திரம் வந்த பிறகே பெயர் மாறும். இதை மருத்துவரின் கவனக்குறைவு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவது நியாயமில்லை. பல வேளைகளில் நோயே அதுவரை தன் முகத்தைக் காட்டியிருக்காது.

பைபாஸா, வெட்டுவதா?

வால்டர் ரீட் அறுவை அறைக்குத் திரும்புவோம். குரோன் நோய் என்பது கண்ணெதிரே தெரிகிறது. இரண்டு வழிகள். நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்து முனைகளை இணைப்பது ஒன்று. நோயுற்ற பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள நல்ல சிறுகுடலைப் பெருங்குடலின் குறுக்குப் பகுதியோடு இணைத்து உணவுக்குப் புதுவழி திறப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் பைபாஸ்; ஹீட்டன் குழு அதைச் செய்தது.

அன்றைய நிலையில் அது விநோதமான தேர்வு அல்ல. 1930களிலும் 40களிலும் குடலை வெட்டி இணைத்த அறுவைகளில் மரணம் அதிகமாக இருந்ததால், மவுண்ட் சைனாயிலேயே பைபாஸுக்கு வலுவான ஆதரவு இருந்தது. நோய்க்குழி ஒன்றும் கிழியாமல், சீழ் சிந்தாமல், குறைந்த நேரத்தில் முடித்துவிடலாம். நோயாளிக்கு வயது 65, இதயம் அடிபட்டது, குடல் ஊதியிருக்கிறது. அந்த இரவுக்கு அது சரியான அறுவை என்றே நான் நினைக்கிறேன். அதிபர் என்பதால் பயந்து சிறிய அறுவையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதே இதயத்தோடு ஒரு தபால்காரர் வந்திருந்தாலும் அன்று அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

ஆனால் பைபாஸ் பொதுவழக்கமாக நிலைக்கவில்லை, நிலைக்காததும் நல்லதுதான். ஒதுக்கிவிட்ட குடலில் அழற்சி தொடரும், சீழ்க்கட்டி கட்டும். கண்ணுக்கும் எக்ஸ்ரேக்கும் எட்டாத அந்த ஒதுங்கிய வளையத்தில் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் கிளம்பிய நோயாளிகளும் உண்டு. மயக்க மருந்தும் ரத்தமும் ஆன்டிபயாட்டிக்கும் மேம்பட்டபோது வெட்டி எடுப்பதன் ஆபத்து குறைந்தது, பைபாஸ் ஒதுங்கியது. இன்று அதைச் செய்வது மிக அரிது.

அப்படியானால் ஐசன்ஹோவருக்கு ஏன் நன்றாகப் போயிற்று? ஜூன் கடைசியில் வீடு திரும்பினார். ஜூலையில் பனாமாவில் அமெரிக்கக் கண்ட நாடுகளின் தலைவர்கள் கூட்டத்துக்குப் போனார். நவம்பரில் மீண்டும் வென்றார். அதன்பின் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் குரோன் நோய் அவரை மறுபடி அறுவை மேசைக்குக் கொண்டுவரவில்லை.

அறுவையின் திறமை ஒரு பகுதி. மற்றவை நோயாளியிடமே இருந்தன. வயதானவர், குரோன் நோய் மூர்க்கமாகத் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு. அவருக்குக் குடல் சுருங்கிய வகை நோய். துளைத்துச் சீழ் வைக்கும் வகைதான் அறுவைக்குப் பின் சீக்கிரம் திரும்பும். ஒரே இடத்தில், பல ஆண்டுகளாக மெதுவாக வளர்ந்து, வடுவேறிய நோய். பௌத்திரம் இல்லை. முக்கியமாக, ஏழு ஆண்டுகளாகச் சிகரெட் இல்லை. குரோன் நோயில் அறுவைக்குப் பிறகு புகைப்பவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் கூடுகிறது. நோயாளியின் கையில் உள்ள காரணங்களில் இதைவிடப் பெரியது இல்லை. கோலைட்டிஸில் கதை தலைகீழ்: புகைப்பவர்களுக்கு அது குறைவாகவே வரும், நிறுத்திய பிறகு கிளம்புவதும் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று நினைப்பவர்களிடம் இந்த ஒரு முரணைச் சொன்னால் போதும். கோலைட்டிஸ் நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மீண்டும் பெட்டிக்கடைக்குப் போக வேண்டாம். நுரையீரலும் இதயமும் அந்தச் சலுகையைத் தராது.

வெட்டினால் மட்டும் தீர்ந்துவிடுமா?

குரோன் நோயில் வெட்டுவதும் நோயைத் தீர்ப்பதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர் பெல்ஜியத்தின் பால் ருட்கீர்ட்ஸ். கடைசிச் சிறுகுடலை வெட்டிப் பெருங்குடலோடு இணைத்த நோயாளிகளை அவர் குழு கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனை) மூலம் தொடர்ந்து பார்த்தது. 1990இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குள் 73 சதவீதம் பேருக்கு இணைப்புக்கு மேலே புதுப் புண்கள் வந்துவிட்டன. ஆனால் 20 சதவீதம் பேருக்குத்தான் தொந்தரவு இருந்தது. மூன்றாம் ஆண்டில் புண்கள் 85 சதவீதம் பேருக்கு, தொந்தரவு 34 சதவீதம் பேருக்கு. குடலுக்குள் நோய் முதலில் வந்துவிடுகிறது, நோயாளிக்குப் பின்னால்தான் தெரிகிறது. அதனால்தான் இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவருக்கும் அறுவை முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கொலோனோஸ்கோபி செய்து, புண்ணின் அளவைப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்கிறோம்.

இன்னும் அதிகமாக வெட்டினால் திரும்பாதா? பலர் அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் விக்டர் ஃபாசியோ குழு ஒரு பாதி நோயாளிகளுக்கு நோயின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளியும், மறுபாதிக்கு 12 சென்டிமீட்டர் தள்ளியும் வெட்டிப் பார்த்தது. 1996இல் வந்த விடை: அதிகம் வெட்டியதால் பலன் இல்லை. புற்றுநோய்க்குப் பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது. குடலைச் சேமிப்பதே குரோன் அறுவையின் முதல் விதி. திரும்பத் திரும்ப அறுவைக்கு வரக்கூடிய நோயாளியிடம் ஒவ்வொரு சாணும் கணக்கு.

ருட்கீர்ட்ஸ் குழு 1991இல் சொன்ன வேறொரு செய்தி ஐசன்ஹோவர் கதையோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. இணைப்புக்கு மேலே தற்காலிகத் திறப்பு வைத்துக் குடல் கழிவை வெளியே திருப்பிவிட்டவர்களுக்கு, இணைப்பில் நோய் திரும்பவில்லை. திறப்பை மூடிக் கழிவு மறுபடி அந்த வழியே ஓடத் தொடங்கியதும் திரும்பியது. குடலில் ஓடுவதே நெருப்புக்கு எண்ணெய். அப்படியானால் பைபாஸ் செய்த அந்தக் குடல் பகுதியில் போக்குவரத்து குறைந்ததால்தான் ஐசன்ஹோவரின் நோய் அடங்கிக் கிடந்ததா? இது என் ஊகம் மட்டுமே. பைபாஸில் கழிவு முழுதாக நிற்பதில்லை, கசியும். ஒதுக்கிய குடலில் நோய் தொடர்ந்த நோயாளிகளும் ஏராளம். ஆனாலும் இந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

அவர் சென்னைக்கோ வேலூருக்கோ வந்திருந்தால்

இதே கதையோடு 65 வயதுக்காரர் ஒருவர் நம் ஊர் மருத்துவமனைக்கு வந்தால் குரோன் என்ற சொல் முதலில் வராது. வலப்பக்க அடிவயிறு, சுருங்கிய கடைசிச் சிறுகுடல், எடைக் குறைவு என்றால் முதல் சந்தேகம் குடல் காசநோய். இரண்டுக்கும் பிடித்த இடம் ஒன்றுதான்: சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் மூலை. இரண்டிலும் திசுக்கணு வரும். காசநோயில் புண் குடலைச் சுற்றிக் குறுக்காக ஓடும், குரோனில் நீளவாக்கில். காசநோய்த் திசுக்கணுவின் நடுவே திசு செத்துத் தயிர்க்கட்டி போலிருக்கும், குரோனில் அப்படி இருக்காது. பாடப்புத்தகத்தில் எல்லாம் சுலபம். பயாப்ஸிக்கு எடுத்த திசுவில் கிருமி அகப்படாமல், மூலக்கூறு சோதனையும் கைவிடும்போது பல மருத்துவர்கள் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி குடலைப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறாவிட்டால் குரோன். இதில் தவறினால் வரும் கேடு பெரிது. காசநோயாளிக்கு ஸ்டீராய்டு, அதைவிட மோசமாக நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போனால் அடங்கிக் கிடந்த கிருமி உடலெங்கும் பரவும். மறுபுறம், குரோன் நோயாளி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கக் குடல் மெல்லச் சுருங்கிப்போவதும் நடக்கிறது.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. காசநோயால் சுருங்கிய குடலை வெட்டாமல், சுருங்கிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்தும் முறையைச் சண்டிகரின் கத்தாரியாவும் அவருடைய குழுவினரும் 1977இல் எழுதினார்கள். அதைப் பார்த்து ஆக்ஸ்ஃபோர்டின் எமானுவேல் லீ குரோன் நோயிலும் செய்து 1982இல் வெளியிட்டார். இன்று சிறுகுடலில் பல இடங்களில் சுருக்கம் உள்ள குரோன் நோயாளிக்குக் குடலை மிச்சப்படுத்தித் தரும் அறுவை அதுதான். மேற்கத்திய நூல்களில் கத்தாரியாவின் பெயர் அடிக்குறிப்பாகக்கூட எப்போதாவதுதான் வருகிறது.

பின்தொடர்வு

1957 நவம்பரில் ஐசன்ஹோவருக்குச் சிறிய பக்கவாதம் வந்து தேறினார். 1961இல் பதவி முடிந்தது. 1966 டிசம்பரில் பித்தப்பையை எடுத்தார்கள். கடைசிச் சிறுகுடல் வேலை செய்யாதபோது பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படாமல் வீணாகிப் பித்தக்கல் உருவாவதுண்டு. குரோன் நோயாளிகளுக்கும் அந்தப் பகுதியை எடுத்தவர்களுக்கும் அது சற்று அதிகம். இவருக்குக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 76 வயதில் எத்தனையோ பேருக்கு வருவதுதான்.

1968இல் மாரடைப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1969 பிப்ரவரியில், இதயம் ஏறக்குறைய ஓய்ந்துபோன நிலையில், மறுபடி குடலடைப்பு. குரோன்தான் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தோடுதான் வயிற்றைத் திறந்திருப்பார்கள். அடைத்திருந்தது முந்தைய அறுவைகளின் வடுத்திசு. அந்த அறுவையையும் தாங்கிக்கொண்டார். மார்ச் 28ஆம் தேதி, அதே வால்டர் ரீடில், இதயம் செயலிழந்து இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் இடப்பக்க அட்ரீனல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது: ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமா. உயிரோடு இருந்தவரை யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. 1923, 1956, 1966, 1969 என்று நான்கு முறை திறந்து பார்த்த வயிறு அது.